தேய்ந்த மூட்டும் நோகும் மூட்டும்

மருத்துவப் படிப்பில் அடியெடுத்து வைத்திருக்கும் அன்புத் தங்கைக்கு,

மக்கள் மூட்டுத் தேய்மானம் என்றும் மருத்துவர்கள் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் என்றும் சொல்லும் நோய், எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு வயதாக ஆகத் தேய்வதால் மட்டுமே வருவதாக நெடுங்காலம் கருதப்பட்டது. குருத்தெலும்பு சிதைவதோடு, அதன் அடியிலுள்ள எலும்பு இறுகுவதும், மூட்டின் ஓரங்களில் முள் போன்ற புது எலும்பு வளர்வதும், மூட்டின் உட்சவ்வு அவ்வப்போது அழற்சியுற்று வீங்குவதும், சுற்றியுள்ள தசைகள் மெலிவதும் சேர்ந்ததே இந்நோய் என்பது இன்றைய விளக்கம். எனவே இந்நோயைக் கற்பவர், தேய்ந்த மூட்டும் நோகும் மூட்டும் எப்போதும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் உலகெங்கும் ஏறத்தாழ 52.8 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். இந்த எண்ணிக்கை 1990இல் இருந்ததைப்போல் இருமடங்குக்கும் மேலானது. அவர்களுள் 73 விழுக்காட்டினர் 55 வயதைக் கடந்தவர்கள்; 60 விழுக்காட்டினர் பெண்கள். மிகுதியாகத் தாக்கப்படும் மூட்டு முழங்காலே. அடுத்து இடுப்பும் கைவிரல்களும் வருகின்றன.

இந்த எண்களுக்குப் பின்னாலிருக்கும் மனிதர்களைத் தெளிவாகக் காட்டியது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃப்ராமிங்காம் என்னும் ஊர். இதயநோயை ஆராய 1948இல் அங்கே தொடங்கப்பட்ட நெடுங்கால ஆய்வில் பங்கேற்றவர்கள் முதுமையடைந்தபின், 1983 முதல் 1985 வரை அவர்களுடைய முழங்கால்கள் எக்ஸ்ரே எடுக்கப்பட்டன. கெல்க்ரன், லாரன்ஸ் ஆகியோர் 1957இல் வகுத்த, சுழியம் முதல் நான்கு வரையிலான படிநிலைகளைக் கொண்டு பார்த்தபோது, மூவரில் ஒருவருக்குத் தேய்மானம் படத்தில் தெரிந்தது. ஆனால் படத்தில் தேய்மானமும் முழங்காலில் வலியும் சேர்ந்திருந்தவர்கள் பெண்களில் 11.4 விழுக்காட்டினர், ஆண்களில் 6.8 விழுக்காட்டினர் மட்டுமே. குருத்தெலும்பில் நரம்பு இல்லை என்பதும், வலியை உணர்த்துபவை எலும்பு, மூட்டுறை, உட்சவ்வு ஆகியவையே என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். தூக்கமின்மை, மனச்சோர்வு, உடன் இருக்கும் பிற நோய்கள் ஆகியவையும் வலியின் அளவை மாற்றுகின்றன.

வயது இந்நோய்க்கு வாயில் திறந்தாலும், நோய் உள்ளே நுழையுமா என்பதைப் பிற காரணங்களே தீர்மானிக்கின்றன. இளவயதில் உடல் எடை மிகுந்திருந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்து முழங்கால் தேய்மானம் கூடுதலாக வந்ததையும், பத்தாண்டுக் காலத்தில் சுமார் ஐந்து கிலோ எடை குறைந்த பெண்களிடம் வலியோடு கூடிய முழங்கால் தேய்மானத்தின் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கியதையும் அதே ஊரின் ஆய்வுகள் காட்டின. மூட்டில் பட்ட பழைய காயம், மண்டியிட்டும் சுமை தூக்கியும் செய்யும் தொழில், குடும்ப வழி ஆகியவையும் இந்நோய்க்கு இடமளிக்கின்றன. பெய்ஜிங் நகரின் முதியோரை அதே முறையில் ஆராய்ந்தபோது, ஃப்ராமிங்காம் மக்களிடம் காணப்பட்டதைவிட முழங்கால் தேய்மானம் அங்குள்ள பெண்களிடம் அதிகமாகவும், இடுப்புத் தேய்மானம் மிகக் குறைவாகவும் இருந்தன; இளமையில் நெடுநேரம் குந்தி உட்காரும் பழக்கத்துக்கும் முழங்கால் நோய்க்கும் தொடர்பு இருப்பதும் அங்கே தெரியவந்தது.

நோயாளி சொல்லும் வரலாற்றில் நோயின் முகம் தெளிவாகவே தெரியும். வேலை செய்கையில் வலி ஏறும், ஓய்வில் தணியும். படி ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருக்கும். பேருந்தில் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்ததும் முதல் சில அடிகள் இழுத்துக்கொண்டு வரும், நடக்க நடக்கச் சீராகும். காலை விறைப்பு பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் விடுபடும். மூட்டுகளைத் தாக்கும் மற்றொரு நோயான முடக்குவாதத்திலோ அது ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்து, இருபுறக் கைவிரல் மூட்டுகளிலும் சூடும் வீக்கமுமாக வெளிப்படும். நோயாளியைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்து, முழங்காற்சில்லின் மேல் உள்ளங்கையைப் பதித்தபடி காலை நீட்டவும் மடக்கவும் செய்தால், உள்ளே நறநறவென்று உராய்வது கையில் தட்டுப்படும். நிற்கச் சொன்னால் சிலருக்குக் கால்கள் வெளிப்புறமாக வில்லைப்போல் வளைந்திருப்பதும், தொடையின் முன்தசை மெலிந்திருப்பதும் புலப்படும். விரல் நுனி மூட்டுகளில் தோன்றும் கெட்டியான முடிச்சுகள், அவற்றை விவரித்த ஆங்கில மருத்துவர் ஹெபர்டனின் பெயரால் வழங்குகின்றன. இவை பெண்களிடமும், குடும்ப வழியாகவும் மிகுதியாகக் காணப்படுகின்றன.

நாற்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கு இயக்கத்தோடு கூடிய மூட்டுவலி இருந்து, காலை விறைப்பு இல்லாமலோ அரைமணிக்குள் நீங்குவதாகவோ இருந்தால், எக்ஸ்ரே இன்றியே நோயை அறுதியிடலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் கூறுவதும் நோயாளி சொல்லும் வரலாற்றிலேயே நோய் தெளிவாகத் தெரிவதால்தான். படத்தில் தேய்மானம் பெரிதாகத் தெரிந்தாலும் வலியின்றி நடப்பவருக்கு அறுவை மருத்துவத்தின் அவசரம் இல்லை. படம் சாதாரணமாகத் தெரிந்தாலும் வலியால் படியேற இயலாதவரின் துன்பத்தைப் பொய்யென்று தள்ளவும் கூடாது. எடை மிகுந்தவர் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என ஆய்வு காட்டியிருப்பதாலும், தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சி வலியைக் குறைப்பதாலும், வயதாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்புவது மருத்துவமாகாது. அவர் எவ்வளவு தூரம் நடக்கிறார், எந்த வேலையைக் கைவிட்டிருக்கிறார், இரவில் உறங்குகிறாரா என்று கேட்டறிந்த பின்னரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நன்று.

அன்புடன்,
அண்ணன்