இரட்டைக் கழுகுப் பொற்காசு

கடைவீதியில் காசு கொடுத்துப் பொருள் கொள்வோர் காசில் எழுதியுள்ள விலையைப் பார்ப்பரேயன்றி, அது பிறந்த ஆண்டைப் பார்ப்பதில்லை. இருபத்தைந்து செண்டுக் காசு இருபத்தைந்து செண்டே, அஃது எவ்வூரில் அடிக்கப்பட்டது, எவ்வாண்டில் அடிக்கப்பட்டது என்னும் செய்தி வாங்குவோனுக்கும் வேண்டா, விற்போனுக்கும் வேண்டா. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஊரையும் ஆண்டையுமே கண்ணாகக் கொண்டு காசுகளைத் தேடித் திரட்டும் மக்கள் மிகப் பலர் உளர். செல்வர் மட்டும் அல்லர். பள்ளிச் சிறுவரும் அவருள் அடங்குவர்.

இரண்டாம் உலகப் போரின்போது செம்பு போர்க்கருவிகளுக்கு வேண்டியிருந்தது. ஆதலால், 1943-ஆம் ஆண்டில் அந்நாட்டரசு ஒரு செண்டுக் காசை எஃகினால் அடித்து, அதன்மேல் துத்தநாகம் பூசி வெளியிட்டது. முந்திய ஆண்டுக்கென வெட்டி வைத்த செப்புத் தகடுகள் சில எங்கோ ஒரு மூலையில் தங்கியிருந்தன போலும். அவையும் 1943 என்னும் ஆண்டு பொறிக்கப்பெற்று, எஃகுக் காசுகளோடு கலந்து ஊருக்குள் சென்றுவிட்டன. 1947-ஆம் ஆண்டில், பள்ளி உணவுச்சாலையில் தனக்குக் கிடைத்த சில்லறையில் அத்தகைய செப்புக் காசு ஒன்றை ஒரு மாணவன் கண்டான். கருவூலத்திற்கு எழுதிக் கேட்டபோது, 1943-ஆம் ஆண்டுச் செண்டுகள் யாவும் எஃகே என்று விடை வந்தது. கண்ணெதிரே செம்பு இருக்க, அஃது இல்லை என்றது அரசு! அவன் அக்காசைத் தன் வாழ்நாள் முழுவதும் காத்து வைத்திருந்தான். அவன் மறைந்தபின், 2019-ஆம் ஆண்டு சனவரியில் அவ்வொரு செண்டு 2,04,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

அச்செப்புக் காசு பிழையாகப் பிறந்ததாயினும், முறையாக வெளிவந்த காசு. முறையாகப் பிறந்து, வெளிவராமலே போன காசு ஒன்று உண்டு. அதன் வரலாறே இங்குக் கூறப்புகுவது.

காசு அடிக்கும் இடமாகிய அக்கசாலை, 1792-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்காவில் முதன்முதலாகப் பிலடெல்பியா நகரில் நிறுவப்பெற்றது. அந்நாட்டின் பத்து டாலர் பொற்காசுக்குக் கழுகு என்பது பெயர். 1848-இல் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. பொன் வெள்ளம் போல் வந்து குவியவே, கழுகினும் பெரிய காசு வேண்டுவதாயிற்று. அங்ஙனம் தோன்றி, 1850 முதல் வழங்கிய இருபது டாலர் காசே இரட்டைக் கழுகு எனப்பட்டது. அதன் நிறை 33 கிராமுக்குச் சற்று மேல். அதில் பத்தில் ஒன்பது பங்கு பொன், எஞ்சியது செம்பு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூசுவெல்ட்டுக்குத் தம் நாட்டுக் காசுகளின் தோற்றம் சிறிதும் பிடிக்கவில்லை. பண்டைக் கிரேக்கர் காசுகளைப் போன்ற அழகு தம் நாட்டுக் காசுகளுக்கும் வேண்டும் என்று விரும்பி, அகஸ்டஸ் செயிண்ட் காடென்ஸ் என்னும் சிறந்த சிற்பியை அப்பணியில் அமர்த்தினார். சிற்பியோ நோயாளி, பணி முற்றும் முன்னரே 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உயிர் நீத்தார். அவர் வடித்த உருவம் இது: ஒரு கையில் தீப்பந்தமும் மற்றொரு கையில் ஒலிவக் கிளையும் ஏந்திச் சுதந்தர அணங்கு முன்னோக்கி நடந்து வருகின்றாள், மறுபுறத்தில், ஞாயிற்றின் கதிர்களுக்கு மேலே கழுகொன்று சிறகு விரித்துப் பறக்கின்றது. சிற்பியின் கருத்துப்படி உருவம் மிக உயர்ந்து புடைத்திருந்தமையால், ஒரு காசை அடிக்க எந்திரத்தைப் பலமுறை அழுத்த வேண்டியிருந்தது. அக்கசாலையார் முணுமுணுத்தனர். இறுதியில் புடைப்பைக் குறைத்தே காசு பெருவாரியாக வெளிவந்தது. அவ்வாறு குறைத்த பின்னரும், அமெரிக்கர் அடித்த காசுகளுள் அழகில் இதற்கு இணை இல்லை என்று கூறுவோர் பலர். அவர் கூற்றை மறுப்பதற்கு நமக்கும் காரணம் தோன்றவில்லை.

1933-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் பிராங்க்ளின் ரூசுவெல்ட் குடியரசுத் தலைவர் பதவி ஏற்றார். நாடு அப்போது கொடிய பொருளாதார மந்தத்தில் ஆழ்ந்திருந்தது. வங்கிகளில் நம்பிக்கை இழந்த மக்கள் பொன்னை எடுத்து வீட்டில் பதுக்கினர். பதவியேற்ற இரண்டாம் நாளே, வங்கிகள் பொன் வழங்குவதைத் தலைவர் தடை செய்தார். ஏப்பிரல் 5-ஆம் நாள் பிறந்த ஆணை, மக்கள் தம்மிடமுள்ள பொற்காசுகளை மே 1-ஆம் நாளுக்குள் ஒப்படைத்து, அவற்றுக்கு ஈடாகப் பிற பணம் பெற்றுக்கொள்ள வேண்டும் என்றது. மீறினால் பத்தாண்டுச் சிறையும் பதினாயிரம் டாலர் தண்டமும் விதிக்கப்படலாம். ஒருவர் 100 டாலர் அளவுக்குப் பொன் வைத்துக்கொள்ளலாம் என்பதும், காசு திரட்டுவோர் போற்றும் அரிய காசுகளுக்கு விலக்கு உண்டு என்பதும் அவ்வாணையில் காணப்பட்ட சலுகைகள். அவ்விலக்கினாலேயே அமெரிக்காவின் பழம் பொற்காசுகள் பல உருகாமல் தப்பின.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்கையில் பிலடெல்பியா அக்கசாலையின் எந்திரங்கள் நிற்கவில்லை. நிறுத்துமாறு எவரும் ஆணையிடாமையால், 1933 என்னும் ஆண்டு பொறித்த இரட்டைக் கழுகுகள் 4,45,500 அங்கே அடித்து அடுக்கப்பெற்றன. எவர் கைக்கும் போகக் கூடாத காசுகள் அவை! அவற்றுள் இரண்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் காட்சிச் சாலைக்கு அனுப்பப்பட்டன. ஏனையவை 1937-ஆம் ஆண்டில் உருக்கிக் கட்டிகளாக வார்க்கப்பட்டன. ஏட்டின்படி கணக்கு முடிந்தது.

ஆனால், கணக்கு முடியவில்லை. சில காசுகள் எவ்வாறோ அக்கசாலையின் சுவரைக் கடந்துவிட்டன. பழைய ஆண்டுக் காசை வைத்துவிட்டுப் புதிய ஆண்டுக் காசை எடுத்தால் நிறையும் தொகையும் சரியாகவே இருக்கும், களவும் வெளிப்படாது. அங்ஙனமே நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது அரசின் கருத்து. 1944-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நியூயார்க்கில் ஏலத்திற்கு வந்த ஒரு காசைப் பற்றிச் செய்தித்தாள் எழுத்தாளர் ஒருவர் அக்கசாலைக்கு எழுதிக் கேட்டார். அப்போதுதான் அதிகாரிகள் விழித்துக்கொண்டனர். இரகசியக் காவலர் துருவித் துருவி ஆராய்ந்தபோது, சுவடுகள் யாவும் பிலடெல்பியாவின் நகை வணிகர் ஒருவரிடமே சென்று முடிந்தன. குற்றவழக்குத் தொடுப்பதற்கான காலவரையறை கடந்துவிட்டமையால் அவர்மேல் வழக்கு எழவில்லை. காவலர் ஒன்பது காசுகளைக் கைப்பற்றினர், அவை அழிக்கப்பட்டன.

ஒரு காசு மட்டும் அவர்கள் கைக்கு எட்டவில்லை. எகிப்து மன்னர் பாரூக் அரும்பொருள் திரட்டுவதில் அடங்காத வேட்கையுடையவர். அவருக்காக வாங்கிய இரட்டைக் கழுகு ஒன்றை நாட்டிற்கு வெளியே கொண்டு செல்ல எகிப்தின் தூதரகத்தார் முறைப்படி இசைவு வேண்டினர். கருவூலத்தார் 1944-ஆம் ஆண்டு பெப்ருவரி 29-ஆம் நாள் உரிமச் சீட்டை எழுதித் தந்துவிட்டனர். ஏலச் செய்தி எட்டியதும் களவு புலனானதும் அதற்குச் சில நாள் கழித்தே! எழுத்தர் ஒருவரின் மேசையில் அச்சீட்டு இன்னும் இரண்டு வாரம் கிடந்திருந்தால், இக்கதை இங்கேயே முடிந்திருக்கும். போர் நடந்துகொண்டிருந்த காலம். மன்னரிடம் காசைத் திருப்பிக் கேட்பது நாகரிகமாகாது என்று அரசு வாளாவிருந்தது. 1952-இல் பாரூக் முடி இழந்தார். 1954-இல் கெய்ரோவில் அவர்தம் செல்வங்கள் ஏலத்திற்கு வந்தபோது, அமெரிக்க அரசின் வேண்டுகோட்படி அக்காசு ஏலத்தினின்றும் விலக்கப்பட்டது. அதன்பின் அது சென்ற இடம் தெரியவில்லை.

அது மறைந்திருந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அமெரிக்கக் காசுகளின் இயல்பே மாறிவிட்டது. 1960-க்குப் பின் வெள்ளியின் விலை ஏறத் தொடங்கிற்று. ஒரு காசிலுள்ள வெள்ளியின் விலை, காசின்மேல் எழுதிய விலையை மிஞ்சுமாயின், அதைச் செலவிட எவர் முன்வருவர்? மக்கள் வெள்ளிக் காசுகளை எடுத்து ஒதுக்கினர். கடைகளில் சில்லறைக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. கொலையுண்ட தலைவர் கென்னடியின் உருவம் தாங்கி 1964-இல் வந்த அரை டாலரையோ, நினைவுப் பொருளாகவே பலர் பெட்டியில் வைத்துப் பூட்டினர். காசு திரட்டுவோரே தட்டுப்பாட்டுக்குக் காரணர் என்று அரசு குறை கூறிற்று. அடித்த ஊரைக் காட்டும் சிறு எழுத்து இருந்தால்தானே ஊர்தோறும் ஒன்றெனச் சேர்ப்பர் என்று எண்ணி, 1965, 1966, 1967 ஆகிய மூன்றாண்டுக் காசுகளில் அவ்வெழுத்தையே பொறிக்காது விட்டது! நோய் ஒன்றிருக்க மருந்து வேறொன்று கொடுத்த செயல் இது. உண்மையான மருந்து 1965-ஆம் ஆண்டுச் சட்டமே. அதன்படிப் பத்துச் செண்டு, இருபத்தைந்து செண்டுக் காசுகளில் வெள்ளி அறவே நீங்கிற்று. செம்பை நடுவில் வைத்து, இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு பொருத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே டென்வர் நகரில் 1964 என்னும் ஆண்டு பொறித்து அடித்த 3,16,076 வெள்ளி டாலர்கள் வெளிவராமலே உருக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றேனும் தப்பியதாக இதுவரை உறுதிப்படவில்லை.

பொன்னுக்கிருந்த தடையோ 1974-ஆம் ஆண்டின் இறுதி நாளில் நீங்கிற்று. 1982-இல் செண்டுக் காசும் செம்பின் மேற்பூச்சுடைய துத்தநாகமாயிற்று. ஒரு காலத்தில் காசு திரட்டுவோரைக் கடிந்த அரசு, 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஐந்து மாநிலங்களாக ஐம்பது மாநிலங்களின் பெயராலும் இருபத்தைந்து செண்டுக் காசுகளை வெளியிட்டு, அவற்றைத் திரட்டுமாறு மக்களைத் தானே அழைத்தது. சில செண்டுச் செலவில் அடித்த காசை இருபத்தைந்து செண்டு கொடுத்து வாங்கிப் பெட்டியில் வைப்போர் பெருகப் பெருகக் கருவூலத்திற்கு ஊதியமன்றோ! செண்டுக் காசின் நிலை அதற்கு நேர்மாறானது. ஒரு செண்டை அடிக்க மூன்று செண்டுக்கு மேல் செலவாகவே, 2025-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் புழக்கத்திற்குரிய செண்டுகளை அடிப்பது பிலடெல்பியாவில் நிறுத்தப்பட்டது.

இனி, மறைந்த காசைத் தொடர்வோம். 1996-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் இலண்டன் வணிகர் ஒருவர் இரட்டைக் கழுகு ஒன்றை விற்பதற்காக நியூயார்க்கு வந்தார். பெரிய விடுதி ஒன்றில் வாங்குவோராய் வந்து அமர்ந்திருந்தவர் இரகசியக் காவலரே. காசு பறிமுதலாயிற்று, வணிகர் சிறைப்பட்டார். அது பாரூக்கின் காசே என்பது அவர் தரப்பினரின் வாதம். குற்றவழக்குக் கைவிடப்பட்டது, காசு எவருக்குரியது என்னும் வழக்கு மட்டும் நீடித்தது. அரசே கையொப்பமிட்ட பழைய உரிமச் சீட்டு அரசுக்கு எதிராக நின்றது. 2001-இல் இருதிறத்தாரும் உடன்பட்டு, காசை விற்றுத் தொகையைச் சரிபாதியாகப் பகிர்வதென முடிவு செய்தனர். வழக்கு நடந்தபோது நியூயார்க்கு உலக வணிக மையக் கட்டடத் தொகுதியில் காக்கப்பட்ட அக்காசு, 2001 சூலையில் நாக்ஸ் கோட்டைக்கு மாற்றப்பட்டது. இரண்டு திங்களுக்குள் அக்கட்டடங்கள் வீழ்ந்தன.

2002-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் காசு ஏலத்திற்கு வந்தது. ஏலக் கழிவு உட்பட 75,90,000 டாலர் என விலை முடிந்தது. ஆயினும், வாங்கியவர் செலுத்தியது 75,90,020 டாலர். எஞ்சிய இருபது டாலர் எதற்கு? 1933-இல் அடித்த அக்காசு அன்றுவரை காசாக வெளியிடப்படவே இல்லை. சட்டத்தின் கண்ணில் அது கழுகு பொறித்த பொற்றகடு, அவ்வளவே. அதனைக் காசாக்குவதற்கு அதன் முகவிலையாகிய இருபது டாலரைக் கருவூலத்திற்குச் செலுத்த வேண்டியிருந்தது. அறுபத்தொன்பது ஆண்டு கழித்து அது காசாயிற்று.

இவ்விற்பனையின் ஆரவாரம் அடங்கு முன்னரே, பிலடெல்பியா நகை வணிகரின் மரபினர் வங்கிப் பெட்டகம் ஒன்றில் மேலும் பத்து இரட்டைக் கழுகுகளைக் கண்டனர். அவற்றின் உண்மைத் தன்மையை ஆராயுமாறு 2004-இல் அக்கசாலையிடம் கொடுத்தனர். அக்கசாலையோ, இவை உண்மைக் காசுகளே என்றது. அதனாலேயே திருப்பித்தர இயலாது என்றும் கூறிற்று. வழக்கு மூண்டது. 2011-இல் ஜூரிகள் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர். 2015-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் மூவர் அமர்ந்த ஆயத்தில் பெரும்பான்மையோர் குடும்பத்தார் பக்கம் நின்றனர். 2016-இல் அம்மன்றத்தின் முழு ஆயம் மீண்டும் அரசின் பக்கம் நின்றது. 2017-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. அரசு தன் பொருளை மீட்டதைக் குற்றம் எனல் ஆகாது. எனினும், ஒரே களவிற் பிறந்தனவாக அரசே கருதும் காசுகளுள் ஒன்றை விற்றுப் பாதி கொண்டு, ஏனையவற்றைக் களவென்று பறித்தது எவ்வாறு பொருந்தும் என்று குடும்பத்தார் கேட்ட கேள்வியையும் எளிதில் தள்ளிவிட இயலாது.

2021-ஆம் ஆண்டு சூன் திங்களில் பாரூக்கின் காசு மீண்டும் ஏலத்திற்கு வந்து, 1,88,72,250 டாலருக்கு விலை போயிற்று. அதனோடு ஒரே அக்கசாலையில், ஒரே ஆண்டில் அடிக்கப்பெற்ற பத்துக் காசுகளும் அரசின் உடைமையாகவே இருக்கின்றன. அவற்றுக்குரிய இருபது டாலரை எவரும் செலுத்தவில்லை.