பழைய கம்ப்யூட்டர் செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?

உங்க வீட்டுப் பரண்லயோ, மாமா கடையிலயோ, டிபார்ட்மென்ட் ஸ்டோர் ரூம்லயோ துணி போர்த்தின ஒரு பழைய சிபியூ கண்டிப்பா இருக்கும். ஏன் ஓரங்கட்டினீங்கன்னு கேட்டா, "ஆன் ஆகல, செத்துப்போச்சு" என்று ஒரே வரியில் பதில் வரும்.

நாலு வருஷமா இப்படி ஓரங்கட்டின மெஷின்களைத் தேடிப்பிடித்துத் திறந்து பார்க்கிறதுதான் என் பொழுதுபோக்கு. என் கைக்கு வந்ததில் பாதிக்கு மேல் சாகவே இல்லை. தனக்கு என்ன கோளாறு என்று அதுங்க தெளிவாவே சொல்லிக்கிட்டு இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இதை இப்போ எழுதக் காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0 வேணும். அது இல்லாத, ஆனால் நல்லா ஓடுகிற மெஷின்கள் நிறைய ஓரத்துக்குப் போகுது. இன்னொரு பக்கம், சொந்தமா லேப்டாப் இல்லாம லேப் நேரத்தை மட்டுமே நம்பி புரோகிராமிங் படிக்கிற ஜூனியர்கள் நம்ம ஹாஸ்டல்லயே இருக்காங்க. நடுவில் நிற்கிற தடை பல நேரம் ஐம்பது ரூபாய்கூட ஆகாத ஒரு பேட்டரிதான்.

பழைய மெஷின்கள் அடிக்கடி காட்டுகிற அறிகுறிகளையும் அதுக்குப் பின்னால் இருக்கிற காரணத்தையும் பார்ப்போம். எல்லாமே நீங்க செமஸ்டர்ல படித்த பாடம்தான்.

தேதியை மறக்கிற மெஷின்

ஆன் பண்ணினா கடிகாரம் 2005 ஜனவரி 1 என்று காட்டும். பிரவுசரைத் திறந்தா எந்தத் தளமும் வராது, "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று எச்சரிக்கை வரும். உடனே பிரவுசரை அழித்துட்டு மறுபடி போடுவோம். அப்பவும் வராது.

காரணம் எளிது. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டும் உண்டு. மெஷின் 2005-இல் இருப்பதா நினைக்கும்போது, அந்தச் சான்றிதழ் அதோட கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. அதான் நம்ப மறுக்குது.

தேதியைக் காப்பாத்துறது மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி. பெயரிலேயே அளவு இருக்கு பாருங்க: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மெஷின் அணைந்திருக்கும்போதும் 32,768 ஹெர்ட்ஸில் துடிக்கிற ஒரு சின்ன கிரிஸ்டலை அது ஓட்டிக்கிட்டே இருக்கும். ஏன் இந்த வினோத எண்? அது 2-இன் 15-ஆவது அடுக்கு. 15 ஃபிளிப்-ஃபிளாப்பை வரிசையா வைத்து இரண்டு இரண்டா வகுத்தா சரியா ஒரு விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் வைவாவில் கவுன்ட்டருக்கு உதாரணம் கேட்டா இதைச் சொல்லுங்க.

இந்தப் பேட்டரி போனா இன்னொரு வில்லங்கமும் வரும். பயாஸ் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். ஹார்ட் டிஸ்க் ஏஎச்சிஐ முறையில் இருந்து ஐடிஇ முறைக்கு மாறிவிட்டா, விண்டோஸ் பாதியில் நீலத் திரை காட்டி நின்றுவிடும். "ஓஎஸ் போச்சு, ஃபார்மட் பண்ணணும்" என்று கடையில் சொல்லுவாங்க. பயாஸில் அந்த ஒரு செட்டிங்கைத் திருப்பி வைத்தா போதும், பத்து வருஷ ஃபோட்டோ அத்தனையும் பிழைக்கும்.

மல்டிமீட்டர் வைத்துப் பாருங்க. நல்ல பேட்டரி 3 வோல்ட் காட்டும். 2.7-க்குக் கீழே போயிருந்தா மாத்திடுங்க. மாத்துறதுக்கு முன்னாடி பயாஸ் திரைகளை மொபைல்ல ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

386, 486 காலத்து போர்டு கிடைத்தா முதல் வேலையா பேட்டரியைப் பாருங்க. பலதில் பட்டனுக்குப் பதிலா பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி சால்டர் பண்ணியிருக்கும். வயசானா அது கசிந்து, காரக் கரைசல் செம்புத் தடங்களை அரித்துவிடும். பச்சைப் பொருக்கு தெரிந்தா பேட்டரியை வெட்டி எடுத்துட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் பண்ணணும்.

திரை இருட்டு, 'பீப்' மட்டும் சத்தம்

ஃபேன் சுத்தும், திரையில் ஒண்ணும் வராது, 'பீப் பீப்' என்று கத்தும். ஆன் ஆனதும் மெஷின் தன்னைத்தானே சோதிக்கும். அந்தச் சோதனை முடிவதற்கு முன்னாடி திரையில் எழுத வழியில்லாததால், கோளாறை ஒலியில் சொல்லுது. எத்தனை பீப், நீளமா குட்டையா என்பதை எண்ணி எழுதுங்க. பயாஸ் தயாரிப்பாளரைப் பொறுத்து அர்த்தம் மாறும். உங்க போர்டின் கையேட்டில் பட்டியல் இருக்கும்.

பெரும்பாலும் ரேம்தான். நம்ம ஊர் கடைகளில் இதுக்கு ஒரே வைத்தியம்: ரேமைக் கழட்டி பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவாங்க. உடனே ஓடவும் ஓடும். ஆனா பல நேரம் ரப்பர்கூடத் தேவையில்லை. கழட்டி மாட்டும்போதே ஸ்லாட்டின் ஊசிகள் தொடுமுனையை உரசி மேல் படலத்தை நீக்கிவிடும்.

தங்கம் துருப்பிடிக்காதே, பிறகு ஏன் படலம்? தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, ஈரப்பதம் மூன்றும் சேர்ந்து படிவதுதான் ஒரு காரணம். மே மாசம் ஒழுங்கா ஓடி, ஐப்பசி மழையில் படுத்துக்கிற மெஷின் இரண்டு என்கிட்டயே இருக்கு. தங்கப்பூச்சும் ரொம்ப மெல்லியது. ரப்பரால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க அது போய், அடியில் இருக்கிற நிக்கல் வெளியே வரும். அப்புறம் அந்த ரேம் மாசாமாசம் படுத்தும். அதனால் முதலில் கழட்டி மாட்டிப் பாருங்க, அப்புறம் ஆல்கஹால் தொட்ட பஞ்சு, ரப்பர் கடைசியா மட்டும். இரண்டு ரேம் இருந்தா ஒவ்வொண்ணா போட்டுச் சோதிங்க. ஓடின பிறகு மெம்டெஸ்ட் புரோகிராமை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்க.

காலையில் மட்டும் அடம்பிடிக்கிற மெஷின்

காலையில் நாலு தடவை பட்டனை அமுக்கினாத்தான் ஆன் ஆகும். ஒருதடவை சூடேறிட்டா அப்புறம் பிரச்சினை இல்லை. இந்த அறிகுறியைக் கேட்டதும் நான் டார்ச் அடித்துப் பார்ப்பது கபாசிட்டர்களைத்தான்.

பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியது ஒண்ணு, ஒண்ணரை வோல்ட், ஆனா பத்துக்கணக்கான ஆம்பியர். மாத்தித் தருவது பக் கன்வெர்ட்டர். அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர். உள்ளே இருக்கிற திரவம் காயக் காய அதன் உள்தடை ஏறும். குளிரில் அந்தத் தடை இன்னும் கூடும், சூட்டில் குறையும். காலை அடத்துக்கு அதுதான் காரணம். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகள் பலதில் இந்தத் திரவத்தின் கலவையே கோளாறு. உள்ளே வாயு உண்டாகி கபாசிட்டரின் தலை உப்பும். தலையில் கூட்டல் குறி மாதிரி கீறல் போட்டிருப்பதே, வெடிக்காமல் அந்த இடத்தில் பிளந்து வாயு வெளியேறத்தான்.

ஒரு சின்னக் கணக்கு. கபாசிட்டரில் '105 டிகிரி, 2000 மணி நேரம்' என்று தரம் சொல்லியிருந்தா, பொதுவான விதிப்படி 10 டிகிரி குறைய ஆயுள் இரட்டிப்பாகும். 65 டிகிரியில் வேலை செய்தா நாலு தடவை இரட்டிப்பு, 32,000 மணி நேரம். தினம் 8 மணி நேரம் என்றால் 4,000 நாள், கிட்டத்தட்ட 11 வருஷம். உள்ளே தூசி அடைத்து 75 டிகிரியானா அதில் பாதிதான். கெமிஸ்ட்ரியில் அரீனியஸ் சமன்பாட்டை எதுக்குப் படிக்கிறோம் என்று இனி கேட்க மாட்டீங்க.

மாத்தும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அளவு அல்லது கூடுதல் வோல்ட், உள்தடை குறைந்த 105 டிகிரி வகை வாங்குங்க. கபாசிட்டர் உடம்பில் இருக்கிற பட்டை மைனஸ் பக்கம்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. மதர்போர்டு வரைக்கும் சரி, பவர் சப்ளை பெட்டியைத் திறக்காதீங்க. 230 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கபாசிட்டரில் அந்த அழுத்தம் நிற்கலாம். சந்தேகம் வந்தா வேற பவர் சப்ளை மாட்டிப் பாருங்க, போதும்.

பத்து நிமிஷம் வேகம், அப்புறம் ஆமை

ஆன் பண்ணினதில் இருந்தே மெதுவா இருந்தா ரேம் பத்தலை, இல்லை டிஸ்க் சோர்ந்துபோச்சு. முதல் பத்து நிமிஷம் நல்லா ஓடிட்டு அப்புறம் மெதுவானா, வைரஸைத் திட்டாதீங்க, அது சூடு. பென்டியம் 4 காலத்தில் இருந்தே பிராசசர் அளவுக்கு மேல் சூடானா தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபார்மட் பண்ணினாலும் இது மாறாது.

ஹீட்சிங்க் இடுக்கில் தூசி மெத்தை மாதிரி அடைந்திருக்கும். ஊதி எடுக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடிச்சுக்கோங்க. விட்டா அளவுக்கு மீறிச் சுத்தி பேரிங் போகும். காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துட்டு, துவரம்பருப்பு அளவு புதுசு வைத்தா போதும். அதிகம் வைத்தா அதிகம் குளிராது. ஊசி வைத்த பழைய பிராசசர்களில் பேஸ்ட் பசையா இறுகிப்போய், ஹீட்சிங்கை இழுக்கும்போது பிராசசரும் சாக்கெட்டில் இருந்து பிய்த்துக்கிட்டு வரும், ஊசி வளையும். மெஷினைச் சில நிமிஷம் ஓட்டிச் சூடாக்கி அணைத்து, பிளக்கை எடுத்துட்டு, ஹீட்சிங்கை லேசாத் திருகி எடுங்க.

கோளாறு இல்லை, கணக்கு

பழைய போர்டில் 500 ஜிபி டிஸ்க் போட்டா 137 ஜிபிதான் காட்டுமா? டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. அந்தக் காலத்து ஐடிஇ முறையில் செக்டார் முகவரிக்கு 28 பிட்தான். 2-இன் 28-ஆவது அடுக்கை 512 பைட்டால் பெருக்குங்க, சரியா அந்த எண் வரும். 4 ஜிபி ரேம் போட்ட 32 பிட் விண்டோஸ் மூணு சொச்சம் மட்டும் காட்டுவதும் இதே கதை. 4 ஜிபி முகவரியில் ஒரு பங்கை கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி சாதனங்கள் பிடித்துக்கொள்ளும். இதே வகையில் இன்னொண்ணு வரப்போகுது. நேரத்தை 32 பிட்டில் எண்ணுகிற பழைய சிஸ்டங்களுக்கு 2038 ஜனவரி 19, நம்ம நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடியோடு எண் தீர்ந்துவிடும்.

'டக்... டக்' சத்தம் வந்தா கையை எடுங்க

இதுவரை சொன்ன எல்லாத்துக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்று கிடைக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதுக்குக் கிடைக்காது.

டிஸ்க்கில் இருந்து சீரா 'டக், டக்' சத்தம் வந்தா உடனே அணைத்திடுங்க. படிக்கிற முனை இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும் சத்தம் அது. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணுவதும் மிச்சம் இருப்பதை அழிக்கலாம். முக்கியமான டேட்டா இருந்தா, டேட்டா மீட்கிற ஆளிடம்தான் போகணும்.

சத்தம் இல்லாமல் அடிக்கடி தொங்கினா, டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்க. மாற்றிவைத்த செக்டார், காத்திருக்கிற செக்டார் என்று இரண்டு எண்ணிக்கை இருக்கும். பூஜ்யத்தில் இருந்து ஏறிக்கிட்டே போனா முதலில் நகல், மற்றதெல்லாம் பிறகு. டிஸ்க்கைச் 'சரிபார்க்கிற' புரோகிராமை அந்த நேரத்தில் ஓட்டாதீங்க. சாகப்போகிற டிஸ்க்கில் அது எழுத ஆரம்பிக்கும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற கருவி, நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துட்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் போகும்.

எங்க தெருவில் அச்சகம் வைத்திருக்கிற அண்ணன் ஒருத்தரின் மெஷினில் எட்டு வருஷக் கல்யாணப் பத்திரிகை டிசைன் இருந்தது. எண்ணிக்கை தினமும் ஏறிக்கிட்டு இருந்தது. நகலெடுக்க ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆச்சு. மூணு ஃபைல்தான் போச்சு. அடுத்த வாரம் அந்த டிஸ்க் சுத்தவே இல்லை.

எழுந்த பிறகு

64 பிட் பிராசசர், 4 ஜிபி ரேம் இருந்தா ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏத்துங்க. சி, பைத்தான் படிக்க இது தாராளம். விண்டோஸ் எக்ஸ்பி மெஷினை மட்டும் இன்டர்நெட்டில் இணைக்காதீங்க, அதுக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்தாச்சு. உண்மையிலேயே செத்ததைத் தெருவில் எரிக்கக் கொடுக்காமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேருங்க. கொடுக்கும் முன் டிஸ்க்கை முழுசா அழிச்சிடுங்க.

கை வைக்கிறதுக்கு முன் மூணு விஷயம்: பிளக்கைப் பிடுங்குங்க, கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக்கை இறக்குங்க, எதையும் கழட்டும் முன் ஃபோட்டோ எடுங்க.

அடுத்த தடவை யாராவது "செத்துப்போச்சு" என்றால் நாலு கேள்வி கேளுங்க. என்ன சத்தம் வந்தது? காலையிலயா, சூடான பிறகா? தேதி சரியா இருந்ததா? கடைசியா என்ன மாத்தினீங்க? செமஸ்டர் முடிந்த மறுநாள் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு சிஆர்2032-ம் எடுத்துக்கிட்டு பரண் ஏறுங்க. ஓடினா, அந்த மெஷின் யாருக்கு வேணும் என்று உங்க ஜூனியர்கிட்ட கேளுங்க.