கடல்நாய்களின் கொள்ளைநோய்

எஸ்பியர்க், டென்மார்க்

அன்புள்ள மருமகள் அபிநயாவுக்கு,

அறிவியல் கண்காட்சிக்குக் கொரோனா பரவிய வரைபடம் கீறப்போவதாக எழுதியிருந்தாய். கொரோனாவைத்தான் எல்லாரும் கீறுவார்கள். எங்கள் ஊர்க் கடலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிடித்திருந்தால் எடுத்துக்கொள்.

இங்கிருந்து ஃபானோ தீவுக்கு ஃபெரியில் பன்னிரண்டு நிமிடம். கடல் வற்றும் வத்து நேரம் போனால், மணல்திட்டில் கடல்நாய்கள் அரிசி மூட்டை அடுக்கினதுபோல நெருங்கிக் கிடப்பதைக் காணலாம். ஒன்று இருமினால் பக்கத்தில் கிடப்பதன் முகத்தில்தான் படும்.

1988 ஏப்ரலில் டென்மார்க்கின் மறுபக்கம், கட்டெகாட் கடலிலுள்ள அன்ஹோல்ட் தீவில் கடல்நாய்களுக்குக் கரு கலைந்தது. பிறகு பெரியவையும் மூச்சுத் திணறிச் செத்து ஒதுங்கின. எங்கள் பக்கத்து வாடன் கடலுக்கு வந்து, கோடை முடிவதற்குள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையையும் நோய் எட்டிவிட்டது. செத்தவை ஏறத்தாழ 18,000. கடல் மாசுதான் காரணம் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். கடைசியில் அகப்பட்டது அதுவரை அறியாத ஒரு வைரஸ். நம் சின்னமுத்து வைரஸுக்கு நெருங்கிய சொந்தம்.

சின்னமுத்து என்றதும் 1846க்குப் போகவேண்டும். அந்த வருடம் மார்ச்சில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்த ஒரு தச்சரோடு அந்த நோய் பரோயே தீவுகளில் இறங்கியது. அதற்கு முன் அங்கே கடைசியாக வந்தது 1781இல். சுமார் 7,800 பேரில் 6,000 பேர் அந்த ஒரு வருடத்துக்குள் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய வைத்தியர்களில் ஒருவர் பீட்டர் லுட்விக் பானும். வயது 25. அவர் ஊர் ஊராகப் போய், முதல் நோயாளிக்கு எந்தத் தேதியில் தடிப்பு வந்தது, அதற்கு முன் அவர் எங்கே போனார், யாரோடு இருந்தார் என்று கேட்டுக் கேட்டு எழுதினார்.

ஜூன் 4ஆம் தேதி வெஸ்ட்மன்னாவில் திமிங்கில வேட்டை. தியோர்னுவிக் என்ற சிறு கிராமத்திலிருந்து பத்துப் பேர் ஒரே வள்ளத்தில் போனார்கள். ஜூன் 18ஆம் தேதி பத்துப் பேருக்கும் தடிப்பு. தொற்றியதிலிருந்து தடிப்பு வரப் பதினான்கு நாள் என்ற கணக்கை, வைரஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், பானும் இப்படித்தான் பிடித்தார். இன்னொன்றும் கண்டார்: 1781இல் சின்னமுத்து வந்து பிழைத்த முதியவர்களில் அவர் விசாரித்த 98 பேரில் ஒருவருக்கும் அது திரும்ப வரவில்லை.

இப்போது கடல்நாய்களிடம் வா. 2002 மே மாதம், அதே அன்ஹோல்ட்டில் அதே நோய். இந்தமுறை செத்தவை சுமார் 30,000. 1988இல் தப்பியவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு பிறந்தவையே கூட்டத்தில் பெரும்பகுதி. பரோயேயில் 65 வருடம் செய்ததை இங்கே 14 வருடம் செய்துவிட்டது.

நோய் போன வழியும் விசித்திரம். அன்ஹோல்ட்டுக்கு அடுத்து எங்கள் கரையையும் ஜெர்மனிக் கரையையும் தாண்டி முதலில் ஹாலந்துப் பக்கத்தில் தலைகாட்டியது. சாம்பல் நிறக் கடல்நாய் என்ற வேறொரு இனத்தின்மேல் சந்தேகம் விழுந்தது. அது நெடுந்தூரம் நீந்தும், தொற்றினாலும் லேசில் சாகாது. உன் வரைபடத்தில் நோய் ஓரிடத்தைத் தாண்டிக் குதித்தால் பிழை என்று அழித்துவிடாதே. யார் பயணம் போனார் என்று தேடு.

எண்ணிக்கையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. உல்லாசப் பயணிகள் நிறைந்த கடற்கரையில் செத்த கடல்நாய் ஒதுங்கினால் உடனே தகவல் போகும். ஆள் போகாத திட்டில் ஒதுங்கியதை யார் எண்ணுவது? கொரோனாவிலும் இதே சிக்கல். டென்மார்க் அள்ளி அள்ளிப் பரிசோதனை செய்த நாடு, அதனால் தொற்று எண்ணிக்கை பெரிதாய்த் தெரிந்தது. தொற்று உறுதியான 30 நாளுக்குள் எதனால் இறந்தாலும் கொரோனா மரணம் என்றே இங்கே எழுதினார்கள். வேறு நாடுகள் வேறு விதமாய் எண்ணின. நாங்களோ எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு யார் முதல், யார் கடைசி என்று பார்த்துக்கொண்டிருந்தோம்!

கடல்நாய் விஷயத்தில் ஆட்கள் கெட்டிக்காரர். 1988க்குப் பிறகு டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றும் ஒப்பந்தம் செய்தன. அது 1991இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் வத்து நேரம் பார்த்து, மூன்று நாட்டு விமானங்களும் பேசிவைத்துப் பறந்து எண்ணுகின்றன. நோய் இல்லாத வருடத்திலும்தான். என்னைக் கேட்டால் அந்த ஒப்பந்தத்தில் உருப்படியான வேலை அதுதான்.

உனக்கு ஒரு யோசனை. இலங்கையில் 1960களில் கண்ட சிக்குன்குனியா, 2006 கடைசியில் யாழ்ப்பாணத்திலும் பரவியது. உங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்க் கேள்: முதலில் யாருக்குக் காய்ச்சல், எந்த மாதம், அதற்கு முன் எங்கே போய்வந்தார், அம்மம்மா வயதுக்காரருக்கு வந்ததா. தேதி மறந்திருப்பார்கள், தைப்பொங்கலுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் நினைவு வரும். அப்போது ஏ9 பாதை மூடிக்கிடந்தது. தரைவழியே ஆட்கள் போய்வர முடியாது, நோய் மட்டும் எப்படி வந்தது? அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ கேட்டுப் பார்த்து எழுது.

அன்புடன்,
மாமா