பற்படலத்தில் யாருக்கு எந்த இடம்?

நம்பிக்கை: பல்லில் படியும் பிளேக் என்பது தாறுமாறாகச் சேர்ந்த கிருமிக் குவியல். அதன் டி.என்.ஏ.வைப் படித்து, இருக்கும் இனங்களைப் பட்டியலிட்டால் போதும். நுண்ணோக்கியில் பார்க்க இனி எதுவும் இல்லை.

உண்மை: டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க மாதிரியைச் சிதைத்தாக வேண்டும். அதோடு எந்தச் செல் எதன் பக்கத்தில் இருந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. பாக்டீரியாக்களுக்கு அந்தச் செய்திதான் வாழ்க்கையே. ஒரு மைக்ரான் அளவுள்ள உயிருக்குச் சில பத்து மைக்ரான் தொலைவிலேயே ஆக்சிஜனும் அமிலமும் மாறிவிடுகின்றன. இடத்தைக் காட்டுவது ஃபிஷ் என்னும் முறை. ஒளிரும் சாயம் கோத்த சிறு டி.என்.ஏ. துண்டு, குறிப்பிட்ட இனத்தின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் மட்டும் போய் ஒட்டும். சாதாரணமாக இரண்டு மூன்று நிறங்களுக்கு மேல் பிரித்தறிவது கடினம். 2011இல் அறிமுகமான கிளாசி-ஃபிஷ், ஒவ்வொரு வகைக்கும் இரண்டு சாயங்களைக் கொடுத்து இந்தத் தடையைக் கடந்தது. 6 சாயங்களில் 15 இணைகள் கிடைக்கும். கலந்து வரும் ஒளியைக் கணினி பிரித்துத் தருகிறது.

இம்முறையில் ஜெசிகா மார்க் வெல்ச், கேரி போரிசி குழுவினர் 2016இல் வெளியிட்ட படங்களில் குவியல் இல்லை, கட்டடம் இருந்தது. இழை இழையாக நீளும் கோரினிபாக்டீரியம் அதன் தூண். வெளி நுனியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அந்த இழையை மொய்த்துச் சூழ்ந்திருந்தது. அது ஆக்சிஜனைச் செலவிட்டுக் கரியமில வாயுவை வெளிவிடும். அந்த வாயுவை விரும்பும் கேப்னோசைட்டோஃபேகா சற்று உள்ளே தள்ளி வாழ்ந்தது. பட்டியலில் கோரினிபாக்டீரியம் பத்தோடு பதினொன்று. அதுதான் தூண் என்பதை எந்தப் பட்டியலாலும் சொல்லியிருக்க முடியாது.

தேடுவதை மட்டும்தானே இந்த முறை காட்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எந்த இனங்களுக்குச் சாயம் பூசுவது என்பதை டி.என்.ஏ. பட்டியலைக் கொண்டே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே பட்டியலும் வேண்டும். பாக்டீரியாக்கள் பெரும்பாலானவற்றிலும் ஒட்டும் பொதுத் துண்டு ஒன்றையும் சேர்த்தால், பெயரிடப்படாமல் விடுபட்டவை தெரிந்துவிடும். ரைபோசோம் குறைந்த, உறங்கும் செல்கள் மங்கலாகவே தெரியும் என்பது உண்மையான குறை. இன்னொரு மறுப்பு அதைவிட வலுவானது: இவை வேதிப்பொருளில் பதப்படுத்திய, உயிரற்ற செல்கள், அண்டை வீட்டார் என்பதாலேயே கொடுக்கல் வாங்கல் இருந்ததென்று ஆகாது. ஒப்புக்கொள்கிறேன். படம் தருவது கருதுகோளை; சோதிக்க வேறு கருவி தேவை. ஐசோடோப்பு கலந்த உணவைக் கொடுத்து, அது எந்தச் செல்லுக்குள் போய்ச் சேர்ந்தது என்பதை நானோசிம்ஸ் கருவியால் அளக்கலாம். ஃபிஷ்ஷோடு அதை இணைத்தால், ஒரே செல்லின் பெயரையும் அது உண்டதையும் சேர்த்தே அறிய முடிகிறது.