கழலாத கார்புரேட்டர் திருகைக் கழற்றுவது எப்படி?



நம்ம ஊரில் பால் கேன் கட்டிக்கொண்டு ஓடுகிற வண்டிகளைப் பாருங்கள். பாதி வண்டி நம்மைவிட வயதில் மூத்தது. ஆர்.எக்ஸ். 100 வண்டியை 1985 முதல் 1996 வரைதான் நம் நாட்டில் செய்தார்கள். ஆனால் இன்னும் ஓடுகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு, புது பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது. அதனால் பழைய கார்புரேட்டரை உடைக்காமல் காப்பாத்தணும். வண்டி நின்றால் அன்றைய பிழைப்பும் நின்றுவிடும். எங்க மாமா ஒர்க் ஷாப்பில் பார்த்ததையும் பாடத்தில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஏன் இறுகுகிறது?

கார்புரேட்டரின் உடம்பு அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை. திருகு எஃகு. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவில் மழைத் தண்ணி புகுந்தால் சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். அதில் அரிபடுவது அலுமினியமும் துத்தநாகமும்தான். மரையில் வெள்ளைப் பொடி தெரியுமே, அது இதனால் வருவது. அந்தப் பொடி இடைவெளியை அடைத்து, திருகைப் பிடித்துக்கொள்ளும்.

கழற்றும் முறை

1. இன்ஜின் ஆறணும். பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரைக் கழற்றி, அடிக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வடிக்கணும். வெளியில், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யணும். பக்கத்தில் அடுப்பு, பீடி, தீக்குச்சி எதுவும் கூடாது.

2. திருகின் தலையில் உள்ள அழுக்கை ஊசியால் நோண்டி எடுங்கள். அழுக்கு இருந்தால் திருப்புளி ஆழமாக உட்காராது.

3. மண்ணெண்ணெயோ துரு நீக்கும் எண்ணெயோ இரண்டு சொட்டு விட்டு, ஒரு ராத்திரி ஊற விடுங்கள்.

4. ஜப்பான் வகைக் கார்புரேட்டரில் கூட்டல் குறித் தலை, சாதாரண ஸ்டார் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது. பார்க்க ஒன்று போல இருக்கும், ஆனால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். அளவுத் திருப்புளி வேணும். கைப்பிடி தடிமனாக இருப்பது நல்லது. கைப்பிடி இரண்டு மடங்கு தடித்தால் அதே விசைக்குத் திருப்புத்திறனும் இரண்டு மடங்கு.

5. கார்புரேட்டரை மரப்பலகையில் வைத்து, திருப்புளியின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். பிறகு நன்றாக அழுத்திக்கொண்டு, முதலில் துளி இறுக்கும் பக்கம், அப்புறம் கழற்றும் பக்கம் திருப்புங்கள்.

6. அப்படியும் வரவில்லையா? கொதிக்கிற தண்ணியை மட்டும் வெளியே கொண்டுவந்து திருகு இருக்கிற இடத்தைச் சுற்றி ஊற்றணும். ஒரு மீட்டர் கம்பியை 100 டிகிரி சூடாக்கினால் அலுமினியம் 2.3 மில்லிமீட்டர் நீளும், எஃகு 1.2 மில்லிமீட்டர்தான் நீளும். அதனால் ஓட்டை திருகைவிட அதிகமாக விரியும். நெருப்பு காட்டவே கூடாது.

7. தலை தேய்ந்துவிட்டால் வைஸ் கிரிப்பால் தலையைச் சுற்றிப் பிடித்துத் திருப்பலாம். திருகு உள்ளே முறிந்துவிட்டால் லேத் பட்டறைக்குக் கொடுப்பதுதான் நல்லது.

ஒரு எச்சரிக்கை: பக்கவாட்டில் ஸ்பிரிங்கோடு இருக்கும் காற்றுத் திருகு வேறு. அதைக் கழற்றும் முன், உள்பக்கம் மெதுவாகத் திருகி, முட்டும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைக்கணும். திரும்ப மாட்டும்போது அதே கணக்கு வேணும். அழுத்தி இறுக்கினால் அதன் கூர் முனை கெட்டுவிடும்.

புதுத் திருகு மாட்டுவது

மரையைத் துடைத்துக் காய வைக்கணும். ஆலன் தலைத் திருகு போட்டால் அடுத்த தடவை சுலபம். 4 மில்லிமீட்டர் திருகுக்கு 3 மில்லிமீட்டர் கீ. நீளம் பழசு அளவே இருக்கணும். நீண்டால் அடியில் முட்டும், குறைந்தால் மரையைப் பிடுங்கும். துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் கிரீஸ் தொட்டுத்தான் போடணும். முதலில் கையால் நாலு சுற்று ஓட்டி, பிறகு எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். இரண்டு விரல் பலம் போதும்.

“இது பையன்கள் வேலை” என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. இதற்கு வேண்டியது பலம் இல்லை, பொறுமைதான்.

யோசியுங்கள்: திருகும் எஃகு, உடம்பும் எஃகு என்றால் சுடுதண்ணி வைத்தியம் பலிக்குமா? விடையை எழுதி இந்த இதழுக்குக் கீழே ஒட்டுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி