கோர்ஸ் வாங்கும் முன் குருவின் கடையைப் பாருங்கள்

ஆன்லைனில் பொருள் விற்கக் கற்றுத்தரும் வகுப்புகள் பெரும்பாலும் 99 ரூபாயில்தான் தொடங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர வெபினார். கடைசி அரை மணி நேரத்தில் ‘இன்று மட்டும் இந்த விலை’ என்று ஒரு தொகை திரையில் வரும். முப்பதாயிரமாக இருக்கலாம், ஒன்றரை லட்சமாகவும் இருக்கலாம். கையில் காசில்லை என்றால் அங்கேயே இஎம்ஐ போட்டுத்தர ஆள் தயாராக இருப்பார்.

சேருகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஒதுக்குவது அநியாயம். குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்தபடியே ஏதாவது செய்ய நினைக்கும் பெண்கள், வேலை போனவர்கள், திருப்பூரிலோ ஈரோட்டிலோ சரக்கு கையில் இருந்தும் விற்கும் வழி தெரியாதவர்கள். ஒரு சென்ட் நிலம் வாங்கினாலும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறவர்கள்தாம். மென்ட்டரையும் அப்படிச் சோதிக்க வழியிருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இந்த வகுப்புகளைப் பற்றி அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகளை எடுத்துக்கொண்டு அந்த வழிகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: “மாதம் பத்து லட்சம் வியாபாரம் நடந்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினார். அதற்குமேல் என்ன சான்று வேண்டும்?”

உண்மை: அமேசான் விற்பனையாளர் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் எண், வந்த ஆர்டர்களின் மதிப்பு. திரும்பி வந்த சரக்கோ, கமிஷனோ, கூரியரோ, விளம்பரச் செலவோ அதில் கழிக்கப்படுவதில்லை.

500 ரூபாய் குர்தி, 2,000 ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். திரையில் 10 லட்சம். ஐந்தில் ஒன்று ரிட்டர்ன் ஆனால் மிஞ்சுவது 8 லட்சம். அதற்குள் அடங்கிய 5 சதவீத ஜிஎஸ்டி சுமார் 38,000. வரி நீங்கலாகக் கொள்முதல் விலை 250 ரூபாய் என்றால் 1,600 குர்திக்கு 4 லட்சம். தளத்தின் கமிஷனும் டெலிவரிக் கட்டணமுமாக 2 லட்சம், விளம்பரத்துக்கு 80,000, திரும்பி வந்த 400 பார்சலுக்கான கூரியர் 32,000. கையில் நிற்பது ஏறக்குறைய 50,000 ரூபாய். கவர், டேப், பேக்கிங் ஆள் கூலி, போட்டுப் பார்த்து அழுக்காக்கித் திருப்பி அனுப்பிய துணி, இவையெல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. இவை உதாரணத்துக்காகப் போட்ட எண்கள்தான். பொருளுக்குப் பொருள் மாறும். ஆனால் பத்து லட்சத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் இடையில் இருக்கும் இந்த வரிகளை எழுதிக் காட்டாத எவரும் உங்களுக்கு வியாபாரம் சொல்லித்தரவில்லை.

அந்தப் படம் உண்மையானதுதானா என்பது அடுத்த கேள்வி. இணையப் பக்கத்தில் உள்ள எந்த எண்ணையும் பிரவுசரிலேயே சில நொடிகளில் மாற்றிப் படமெடுக்கலாம். படத்துக்குப் பதிலாக, ஒரு மாதத்தின் செட்டில்மென்ட் அறிக்கையையும் அதே தொகை வங்கியில் வரவான பக்கத்தையும் கேளுங்கள். கணக்கு எண்ணை மறைத்துக்கொண்டு காட்டட்டும். தவறில்லை.

நம்பிக்கை: “ஸ்டோர் பெயரைச் சொன்னால் எல்லோரும் காப்பியடித்துவிடுவார்களாம். நியாயம்தானே?”

இந்த உரையாடல் ஏறத்தாழ எல்லா வெபினாரிலும் நடக்கிறது. “அண்ணா, உங்க ஸ்டோர் பேர் என்ன?” “அத சொன்னா நாளைக்கே என் பிராடக்ட்ட பத்து பேர் போட்டுருவாங்க தம்பி. உள்ள வாங்க, எல்லாம் காட்டறேன்.” கேட்டவர் சமாதானமாகிவிடுகிறார். ஆகக் கூடாது.

உண்மை: ஆன்லைன் ஸ்டோர் ரகசியமாக இருக்கவே முடியாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020இன்படி, விற்பவரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு விவரங்களைத் தளங்கள் வாங்குபவருக்குக் காட்டியாக வேண்டும். பேக்கிங் செய்த பொருளின் லேபிளிலும் தயாரிப்பாளர், பேக்கர் அல்லது இறக்குமதியாளரின் பெயர் இருந்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கும் கடையை, ஐம்பதாயிரம் கட்டப்போகிறவருக்கு மட்டும் மறைக்க ஒரு காரணமும் இல்லை. பத்துப் பொருள் விற்கிறவர் ஒன்றையாவது காட்டலாம்.

பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அமேசானில் பொருளின் பக்கத்தில் விற்பவர் பெயரைத் தொட்டால் அவருடைய பக்கம் திறக்கும். 30 நாள், 90 நாள், 12 மாதம், மொத்தம் என்று மதிப்பீடுகளின் எண்ணிக்கை அங்கே தனித்தனியாக இருக்கும். வாங்குகிற எல்லோரும் மதிப்பீடு போடுவதில்லைதான். ஆனாலும் மாதம் ஆயிரக்கணக்கில் ஆர்டர் வருவதாகச் சொல்பவரின் பக்கத்தில் கடந்த 90 நாளில் இரண்டு பேர்தான் எழுதியிருக்கிறார்கள் என்றால், அந்தக் கடை ஓடிய காலம் முடிந்துவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

நம்பிக்கை: “ஜிஎஸ்டி, எம்எஸ்எம்இ, ஐஎஸ்ஓ, எல்லாச் சான்றிதழும் வைத்திருக்கிறார்.”

உண்மை: இவை எல்லாம் ஒரே வகையல்ல. எம்எஸ்எம்இ என்று சொல்லப்படும் உத்யம் பதிவு, ஆதார் எண்ணைக் கொடுத்து நாமே விவரம் நிரப்பி இலவசமாக எடுத்துக்கொள்வது. நாளைக் காலையில் நீங்களும் எடுக்கலாம். ஏற்றுமதி வகுப்பு நடத்துபவர்கள் பெருமையாகக் காட்டும் ஐஇசி எண்ணும் விண்ணப்பித்தால் கிடைக்கும் பதிவு எண்தான். ஒரு பெட்டி சரக்காவது கப்பலேறியது என்பதற்கு அது சான்றல்ல. ஐஎஸ்ஓ 9001 நிர்வாக நடைமுறை பற்றியது. அதை வழங்குவதும் ஐஎஸ்ஓ அமைப்பு அல்ல, வெளியிலுள்ள சான்றளிப்பு நிறுவனங்கள்.

ஜிஎஸ்டி அப்படியல்ல. உங்களுக்குப் பயன்படும் ஆவணம் அதுதான், ஆனால் படித்துப் பார்த்தால் மட்டும். மாநிலம் விட்டு மாநிலம் ஆன்லைனில் பொருள் விற்கிறவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு எடுத்தாக வேண்டும். பதிவெண் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண். ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் செய்யாமலே அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம். கட்டணம் கிடையாது.

முதலில் சட்டப்படியான பெயரைப் பாருங்கள். மென்ட்டரின் பெயர்தானா, வேறு யாருடையதோவா? அடுத்தது பதிவான தேதி. ‘எட்டு வருட அனுபவம்’ என்பவரின் பதிவு போன வருடத்தையது என்றால், முந்தைய வியாபாரம் எந்தப் பெயரில் நடந்தது என்று கேளுங்கள். பழைய வாட் பதிவிலிருந்து மாறியவர்களுக்கு 01/07/2017 என்றிருக்கும். பிறகு பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்த தேதிகளும் அங்கேயே வரிசையாகத் தெரியும். கடைசியாக, எந்தப் பொருள், எந்தச் சேவை என்ற பட்டியல். துணிக்கோ பாத்திரத்துக்கோ உரிய குறியீடு எதுவும் இல்லாமல் 999293 என்ற ஒன்று மட்டும் இருந்தால், அது வணிகரீதியான பயிற்சி வகுப்புக்கான எண். அவர் பதிவு செய்திருக்கும் தொழில் வகுப்பெடுப்பது.

பான் எண்ணை வைத்தும் அதே தளத்தில் தேடி, அவருக்கு எந்தெந்த மாநிலத்தில் பதிவு இருக்கிறது என்று பார்க்கலாம். அமேசானின் கிடங்குகளில் சரக்கு வைத்து (எஃப்பிஏ முறையில்) விற்கிறவர், எந்தெந்த மாநிலக் கிடங்கைப் பயன்படுத்துகிறாரோ அங்கெல்லாம் பதிவு எடுத்திருக்க வேண்டும். ‘இந்தியா முழுக்க எஃப்பிஏ’ என்று சொல்பவருக்கு ஒரே ஒரு மாநிலப் பதிவுதான் இருக்கிறது என்றால் விளக்கம் கேளுங்கள். நல்ல விளக்கமும் இருக்கலாம்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் இன்னும் ஒரு படி போகலாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில், தாக்கல் செய்த ஆண்டுக் கணக்கைச் சிறு கட்டணம் கட்டிப் பார்க்க முடியும். வருமானத்தில் பொருள் விற்று வந்தது எவ்வளவு, சேவையால் வந்தது எவ்வளவு என்று அதில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் இதைவிட முக்கியமான காகிதம் எதுவும் தெரியவில்லை. நீங்கள் கற்கப்போவது பொருள் விற்பதை. சொல்லித்தருபவர் எதை விற்றுப் பிழைக்கிறார் என்பது அந்த இரண்டு வரியில் இருக்கிறது. புரியவில்லை என்றால் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் காட்டுங்கள்.

வகுப்பு எடுத்தே பிழைக்கிறவர்கள் இருப்பது வெறும் சந்தேகம் அல்ல என்பதற்குப் பங்குச்சந்தைப் பக்கம் ஓர் உதாரணம் உண்டு. ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் டிரேடிங் கோர்ஸ் நடத்தியவர் மீது 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. அவர் திரட்டிய 17.2 கோடி ரூபாயை முடக்கியது. அதே உத்தரவின்படி, 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை அவருடைய சொந்த டிரேடிங்கில் நிகர நஷ்டம் 2.89 கோடி.

நம்பிக்கை: “டாக்டர் பட்டம் வாங்கியவர், யூடியூப் விருது வாங்கியவர்.”

உண்மை: யூடியூபின் வெள்ளிப் பலகை ஒரு லட்சம் பேர் சேனலைப் பின்தொடர்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. கடையைப் பற்றி அது பேசாது. கௌரவ டாக்டர் பட்டம் என்றால் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டு, யுஜிசி பட்டியலில் தேடுங்கள். 2023இல் ஒரு தனியார் அமைப்பு சென்னை அண்ணா பல்கலைக்கழக அரங்கிலேயே விழா நடத்திப் பிரபலங்களுக்குக் ‘கௌரவ டாக்டர்’ பட்டம் வழங்க, பட்டத்துக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் போலீஸில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. மேடையும் பின்னணிப் படமும் அவ்வளவு எளிதாகக் கிடைக்கின்றன.

நம்பிக்கை: “அமேசான் பெயரையே போட்டிருக்கிறார். அவர்கள் அனுமதிக்காமலா?”

உண்மை: அமெரிக்காவில் ‘அமேசிங் வெல்த் சிஸ்டம்’ என்ற பெயரில் அமேசானில் விற்கக் கற்றுத்தருவதாகச் சொல்லி 35,000 டாலர் வரை வசூலித்தார்கள். அமேசானுக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. சொல்லிக்கொடுத்த முறையைப் பின்பற்றியவர்களில் சிலருடைய ஸ்டோர்களே முடக்கப்பட்டன என்றது அந்நாட்டு வர்த்தக ஆணையமான எஃப்டிசி. 2018இல் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது, 1 கோடியே 8 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணத்தையும் சொத்தையும் விட்டுக்கொடுத்தார்கள். தொழில் பயிற்சி விற்கவும் அவர்களுக்குத் தடை வந்தது. 2022இல் ‘டிகே ஆட்டோமேஷன்’ நிறுவனமும் இதே எஃப்டிசியின் வழக்கில் 26 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அமேசான் ஸ்டோரைத் தாங்களே நடத்திச் சம்பாதித்துத் தருவதாகச் சொல்லி விற்ற நிறுவனம் அது.

அமேசான், ஃப்ளிப்கார்ட், மீஷோ மூன்றுமே விற்பனையாளர்களுக்குப் பயிற்சி வீடியோக்களை இலவசமாக வைத்திருக்கின்றன. கணக்குத் திறப்பது, லிஸ்டிங் போடுவது, ரிட்டர்ன் கோரிக்கையைக் கையாள்வது எல்லாம் அங்கேயே இருக்கிறது. முதலில் அதைப் பார்த்து முடியுங்கள். பிறகும் விளங்காதது எது என்று தெரிந்தபின் அதற்கு மட்டும் ஆள் தேடுங்கள். மாதம் மூன்று லட்சத்துக்கு விற்று, எந்தப் பொருளில் நஷ்டப்பட்டார் என்பதையும் ஸ்டோரோடு காட்டும் சிறிய வியாபாரி ஒருவர் உங்கள் ஊரிலேயே இருக்கலாம். அவருக்குக் கொடுக்கும் ஐயாயிரம் வீண்போகாது.

நம்பிக்கை: “ஜெயித்த மாணவர்களே வீடியோவில் பேசுகிறார்களே.”

உண்மை: பேசியவர் பத்துப் பேர், சேர்ந்தவர் எத்தனை பேர்? ஒரு வருடத்துக்கு முந்தைய பேட்ச்சில், நீங்களே தேர்ந்தெடுக்கும் இருவரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். பேசியவர்களின் ஸ்டோர் பெயரையும் கேளுங்கள். புதியவரைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்குக் கமிஷன் உண்டா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

நம்பிக்கை: “பணத்தைக் கட்டியாகிவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது.”

உண்மை: ஆன்லைன் விற்பனை வகுப்பு நடத்த உரிமம் தரும் அமைப்பு இந்தியாவில் இல்லை. பங்குச்சந்தைக்குச் செபி இருப்பதுபோல இதற்கு ஒரு காவலர் கிடையாது. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு தரும் சேவைகள் பொதுவாக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019க்குள் வரும். பொய்யான வருமான வாக்குறுதி தவறான விளம்பரம்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். டிஜிட்டல் கடனாக இஎம்ஐ போட்டிருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி தொடக்கச் சில நாள்களுக்குள் அபராதமில்லாமல் கடனை முடித்துக்கொள்ளலாம். எத்தனை நாள் என்பது கடன் ஆவணத்தில் இருக்கும். அன்றைக்கே எடுத்துப் படியுங்கள். வெபினாரில் காட்டிய வருமானப் படங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் கொடுத்த வாக்குறுதிகள், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும், குரூப்பிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன்பே சேமித்து வையுங்கள். ஜிஎஸ்டி எண்ணோடு கூடிய இன்வாய்ஸைக் கேட்டு வாங்குங்கள். வழக்குப் போட எதிராளியின் சட்டப்படியான பெயரும் முகவரியும் வேண்டும். அவை இரண்டும் அதில் இருக்கும்.