மயிலிட்டிக்கு ஒரு காலை நடை

யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவருக்கு மனம் ஆற நடக்க வேண்டுமென்றால் பண்ணைக் கடற்கரைதான் முதலில் நினைவுக்கு வரும். காற்று நல்ல காற்றுத்தான். ஆனால் பின்னேரத்தில் சனமும் மோட்டார் சைக்கிளுமாக, வீட்டிலிருந்து கொண்டுபோன தலையிடியோடேயே திரும்ப வேண்டியிருக்கும். ஒருநாள் அதை விட்டுவிட்டு, வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் மயிலிட்டிக்குப் போங்கள். விடியலோடு போங்கள்.

இந்தக் கரைக்கு ஆற்றுகிற குணம் உண்டென்று முன்னோர் நம்பினார்கள். காசநோய்க்குச் சரியான மருந்து வரமுன்னர் காற்றும் வெயிலும் ஓய்வுமே வைத்தியம். ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்தின் மலைகளுக்கு நோயாளரை அனுப்பினார்கள். இங்கே மயிலிட்டியில் கடலோரம் காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாலே பழைய ஆட்களுக்கு ஊர் விளங்கிவிடும்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும். நீங்கள் அனுபவிக்கப்போகும் அமைதியில் ஒரு பங்கு இயற்கையாக வந்ததல்ல. 1990 ஜூனில் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. பிறகு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் 2017 ஜூலை 3ஆம் திகதிதான் திரும்பக் கிடைத்தன. இருபத்தேழு வருடம் ஆளில்லாமல் கிடந்த வளவுகளில் மரம் கூரையைப் பிளந்துகொண்டு போயிருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: ஆளில்லாத மத்தியான நேரத்தில் போய் ‘என்ன அமைதி’ என்று வியக்காதீர்கள். படகுகள் கரைக்கு வரும் காலைச் சத்தத்துக்குள் போங்கள். மனப் பாரம் குறைவது அங்கேதான்.

துறைமுகத்தில் தொடங்குங்கள். வலையிலிருந்து மீன் கழற்றுவார்கள். மீனைக் குவித்து ஏலம் கூறுவார்கள். ஐஸ் பெட்டி இழுபடும். அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். உங்களை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள் என்பதே பெரிய ஆறுதல். இலங்கைக் கடலில் பிடிபட்ட தமிழ்நாட்டு இழுவைப் படகுகளையும் இங்கே கட்டிவைப்பதுண்டு. அவற்றைப் பற்றிக் கரையில் கதை கேட்டால் நடை பிந்திவிடும், கேட்கத்தக்க கதைதான்.

பிறகு மேற்கே, தையிட்டிப் பக்கமாகக் காங்கேசன்துறையை நோக்கி நடவுங்கள். ஆறுதலாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வலக்கைப் பக்கம் பாக்குநீரிணை, இடக்கைப் பக்கம் பனையும் பற்றையும், இடையிடையே புதிதாகச் சுவர் எழும்பும் வீடுகளும். வெயில் முதுகில் விழும், முகத்தில் அடிக்காது; இந்தத் திசையில் நடக்கச் சொல்வதற்கு அதுவே காரணம். நிழல் குறைவு. எட்டரை மணிக்குமேல் இழுத்தடிக்க வேண்டாம். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம்.

தையிட்டியில் தங்கள் காணியில் விகாரை கட்டப்பட்டதை எதிர்த்து, போயா (பூரணை) நாள்களையொட்டிக் காணிக்காரர் போராட்டம் நடத்துவது வழக்கம், பொலிசாரும் நிற்பார்கள். அமைதி மட்டும் வேண்டுமென்றால் வேறு நாள் பாருங்கள். ஊரின் கதையும் வேண்டுமென்றால் அந்த நாளே வரலாம்.

காலம்: தை பிறந்து பங்குனி வரை நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை, வாடைக்காற்று, கொந்தளிக்கும் கடல். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்த வடகரை ஓரளவு அடங்கிக் கிடக்கும். ஆனால் வெயில் கடுமை.

கிழக்கே பலாலிப் பக்கம் கால் போன போக்கில் போகாதீர்கள். அங்கே இராணுவத் தளமும் விமான நிலையமும் உள்ளன. வசாவிளானூடாகச் செல்லும் பலாலி வீதியை 2025 ஏப்ரலில் திறந்தபோதுகூட, நடந்து போகவும் படம் பிடிக்கவும் தடை என்ற நிபந்தனைகளோடுதான் திறந்தார்கள். இப்போது எப்படியென்று ஊரவரிடம் கேட்டு அறியுங்கள். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். ட்ரோன் வேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில், கண்ணிவெடி எடுத்தாயிற்று என்று யார் சொன்னாலும் பற்றைக்குள் இறங்காதீர்கள். இடிந்த வீடுகளுக்குள் படம் எடுக்கப் புகுவதையும் விடுங்கள். கிணறுகள் புல்லுக்குள் மறைந்து கிடக்கும். அதைவிட முக்கியம், அந்த வளவுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். சிலவேளை அடுத்த ஒழுங்கையிலேயே இருப்பார்.

காங்கேசன்துறையில் நடை முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் உண்டு. ரயில் பாதையும் 2015 ஜனவரியில் மீண்டும் இங்குவரை வந்தது. நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உடம்பில் இன்னும் பலம் இருந்தால் ஓட்டோ பிடித்துக் கீரிமலைக்குப் போங்கள். கடலுக்கு ஒரு சுவர் இடைவெளியில் நன்னீர் ஊற்றுக் கேணி. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கிய மழைநீர் இங்கே வெளியே வருகிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. நடந்த கால்களை அந்தத் தண்ணீரில் வைத்திருப்பதற்கு ஈடாக நகரத்தில் எதுவும் இல்லை. ஆடி அமாவாசையன்று மட்டும் தவிர்த்துவிடுங்கள்; பிதிர்க்கடன் தீர்க்க வருவோரால் கால் வைக்க இடமிராது.

மீன் வாங்கும் எண்ணம் இருந்தால் சாக்குப் பையும் சில்லறையும் கொண்டு போங்கள், நடந்து முடித்தபின் துறைமுகத்துக்குத் திரும்பி வர ஓட்டோவும் பேசி வையுங்கள். ஏலம் உங்களுக்காகக் காத்திராது.